கடலுக்குப் போகும் காவிரியை ‘வீண்’ என்று சொல்லாதீர்கள்: டெல்டா விவசாய சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

காவிரி டெல்டா விவசாய சங்கங்களின் தலைவர்களுக்கும், சங்கக் கொடியைப் பிடித்து வெயிலில் நிற்கும் அண்ணன் தம்பிகளுக்கும், அக்கா தங்கைகளுக்கும் வணக்கம்.

நான் கொள்ளிடம் கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மீனவக் கிராமத்தில் பிறந்தவள். 33 வருடம் பள்ளி ஆசிரியையாக வேலை பார்த்து ஓய்வு பெற்றுவிட்டேன். அப்பா கட்டுமரத்தில் தொழிலுக்குப் போனவர். தம்பி இப்போதும் ஃபைபர் படகில் போகிறான். அம்மா கூடை சுமந்தவர். விடியற்காலையில் கரையில் ஏலம் எடுத்த மீனைக் கூடையில் அடுக்கி, ஈரச் சாக்கால் மூடி, வரப்பு வழியாகவே நடந்து உங்கள் ஊர்களுக்கு வந்துதான் விற்பார். அறுவடைக் காலத்தில் காசு வாங்க மாட்டார், நெல்தான். தை மாதம் முழுக்க எங்கள் வீட்டு வாசலில் உங்கள் வயல் நெல் காயும். நான் வளர்ந்தது அந்தச் சோற்றில். அதே தை மாதத்தில் உங்கள் அடுப்படியில் மணந்தது எங்கள் கருவாடு.

2004 டிசம்பர் 26 அன்று கடல் ஊருக்குள் வந்தபோது நாங்கள் ஓடியது மேற்கே, உங்கள் பக்கம். பள்ளிக்கூடங்களையும் கோயில் மண்டபங்களையும் திறந்துவிட்டு, சோறு பொங்கிப் போட்டீர்கள். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையேறியபோது உங்கள் தென்னையும் எங்கள் படகும் ஒரே இரவில்தான் போயின. அதனால் வெளியாள் ஒருத்தி எழுதும் புகாராக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். உறவுக்குள் பேசுகிறேன். சில வருடங்களாக மனதில் கிடக்கும் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும்.

‘வீணாக’ என்ற சொல்லைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

2018 ஆடியில் மேட்டூர் நிரம்பியது. கொள்ளிடம் இரு கரையும் தொட்டுக்கொண்டு ஓடியது. ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பில் கொள்ளிடத்து மதகுகள் உடைந்தன. அந்த நாட்களில் எந்தத் தொலைக்காட்சியைத் திருப்பினாலும் கீழே ஒரு வரி ஓடிக்கொண்டே இருந்தது: காவிரி நீர் வீணாகக் கடலில் கலக்கிறது. எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்த தம்பி அந்த வரியைப் பார்த்துவிட்டு, “அக்கா, நாம இருக்கிற இடத்துக்கு வந்தா வீணா?” என்று கேட்டான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அன்றைக்கு ஆற்றில் தண்ணீர் வந்ததில் எங்கள் தெருவில் எல்லோரும் சந்தோஷமாகத்தான் இருந்தோம்.

உங்கள் கோபம் எங்கிருந்து வருகிறது என்பதும் எனக்குத் தெரியும். அதே வாரத்தில் உங்களில் பலருடைய கடைமடை வாய்க்காலில், பாசனத்தின் கடைசிக் கோடியில், தண்ணீர் ஏறவில்லை. பெரிய ஆறு நிரம்பி ஓட, பக்கத்து வயல் வெடித்துக் கிடப்பதைப் பார்த்தால் வயிறு எரியாமல் என்ன செய்யும்? அதற்கு முந்தைய ஆண்டுகள் உங்களுக்கு எப்படிப்பட்டவை என்பதும் மறக்கவில்லை. 2016-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தபோது டெல்டாவில் எத்தனை வீடுகளில் சாவு விழுந்தது என்று நினைத்தால் இப்போதும் நெஞ்சு அடைக்கிறது. எனவே உங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. அது வந்தே தீர வேண்டும். ஆனால் கடலுக்குப் போகிற தண்ணீரை ‘வீண்’ என்று நீங்கள் சொல்லும்போது, அந்தச் சொல் மேடையிலிருந்து மனுவுக்கும், மனுவிலிருந்து திட்டத்துக்கும் போகிறது. திட்டம் கான்கிரீட்டாகி எங்கள் முகத்துவாரத்துக்கு வந்து நிற்கிறது.

தண்ணீர் கடலில் சேர்ந்தால் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பள்ளிக்கூடத்து வழக்கம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளை இறாலை எடுத்துக்கொள்வோம். அது கடலில் முட்டையிடுகிறது. பொரித்த குஞ்சு கண்ணுக்குத் தெரியாத அளவில் மிதந்து, உருமாறி, சில வாரங்களில் முகத்துவாரத்தைத் தேடி வருகிறது. உப்பு குறைந்த தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் உள்ளே நுழைகிறது. கழிமுகத்தின் சேற்றிலும், அலையாத்தி வேர்களுக்கு இடையிலும் சில மாதம் வளர்கிறது. கலங்கல் தண்ணீர் அதற்குப் போர்வை, பெரிய மீன் கண்ணில் படாமல் காப்பாற்றும். ஆற்று வண்டலோடு வரும் சத்தில்தான் அதற்கு இரையே உருவாகிறது. வளர்ந்த பிறகு, ஐப்பசி கார்த்திகையில் ஆற்றில் புதுவெள்ளம் வந்ததும் கூட்டமாகக் கடலுக்குத் திரும்புகிறது. தம்பியின் வலையில் அந்த நாட்களில் ஏறும் இறால்தான் வருடத்தின் கடனை அடைக்கும். ஆறு வராத வருடத்தில் இந்தக் கணக்கு முழுவதும் உடைந்துபோகிறது. முகத்துவாரத்தில் மணல் மூடி, உள்ளே இருக்கும் தண்ணீர் வெயிலில் காய்ந்து கடலைவிடக் கரிக்கும்.

மடவையும் பால் கெண்டையும் இப்படித்தான், கடலில் பிறந்து கழிமுகத்தில் வளர்பவை. சேற்று நண்டில் சினை நண்டு முட்டை விடக் கடலுக்கு இறங்கும். கொடுவா இன்னும் ஒரு படி மேலே போகும்: குஞ்சுப் பருவத்தில் ஆற்றுக்குள் ஏறி நல்ல தண்ணீரில் வளரும், பெரிதானதும் முட்டையிட முகத்துவாரத்துக்கு இறங்கும். ஆறும் கடலும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு இருக்கிற வரைக்கும்தான் இவற்றுக்கு வாழ்வு.

உங்களுக்கு நன்றாகத் தெரிந்த இரண்டு உயிர்களையும் சொல்ல வேண்டும். உங்கள் வாய்க்கால் மதகின் கீழே, கல் இடுக்கில் கையைவிட்டுச் சின்ன வயதில் பிடித்த விலாங்கு எங்கே பிறந்தது தெரியுமா? ஆழ்கடலில். நூல் போன்ற குஞ்சாகக் கரைக்கு வந்து, முகத்துவாரத்தில் நுழைந்து, ஆறு ஆறாக ஏறி உங்கள் வயலோரம் வந்து சேர்ந்தது. காவிரியின் ஆற்று இறாலும் அப்படியே. நல்ல தண்ணீரில் வாழ்ந்தாலும் அதன் குஞ்சுக்குக் கொஞ்சம் உப்பு வேண்டும். அதற்காகத் தாய் இறால் கீழே இறங்கும், குஞ்சு மறுபடி மேலே ஏறும். “இப்பல்லாம் வாய்க்கால்ல விலாங்கே இல்லீங்க” என்று உங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் என்னிடம் சொன்னார். அது இல்லாமல் போனதற்குப் பல காரணம் இருக்கலாம், பூச்சிமருந்தும் அதில் ஒன்று. ஆனால் ஏறி வர வழியே இல்லாமல் போனது பெரிய காரணம் என்று நான் நினைக்கிறேன்.

என் தாத்தா அடிக்கடி சொன்ன மீன் ஒன்று உண்டு. உள்ளம். ஹில்சா என்று வங்காளத்துக்காரர்கள் உயிரைவிடும் அதே மீன்தான். ஆடியில் புதுத் தண்ணீர் கடலைத் தொட்டதும் உள்ளம் கொள்ளிடத்தில் ஏறும், முள் அதிகம், ஆனால் அந்த ருசி வேறு எதற்கும் வராது என்பார். 1830-களில் ஆர்தர் காட்டன் முக்கொம்பிலும் அணைக்கரையிலும் அணைகளைக் கட்டினார். உங்கள் பாசனத்துக்கு அவை செய்த நன்மையை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அணைக்கரைக்குக் கீழே உள்ளம் தேங்கி நின்றது. பிரான்சிஸ் டே என்ற மீனியல் அறிஞர் 1870-களிலேயே, மீன் ஏற வழியில்லாமல் அணை மறிப்பதைப் பற்றி அரசுக்கு எழுதினார். அணையில் மீன் ஏறும் வழி அமைத்துப் பார்த்தும் பலன் கிடைக்கவில்லை. 1934-ல் மேட்டூர் வந்தது. ஆடிப் புதுவெள்ளம் அணைக்குள் அடங்கியது. காவிரியில் உள்ளம் பிடிப்பு அதோடு நொடித்துப் போனது. என் அப்பா காலத்தில் அது எப்போதாவது வலையில் படும் அதிசயம். நான் அதைக் கொள்ளிடத்தில் பார்த்ததே இல்லை. கங்கையிலும் 1975-ல் ஃபராக்கா தடுப்பணை வந்த பிறகு மேற்பகுதி ஆற்றில் உள்ளம் அருகிப் போனது. ஒரு மீன் ஒரு ஆற்றைவிட்டுப் போகும்போது சத்தம் போடுவதில்லை. அதற்காக யாரும் சாலை மறியல் செய்யவில்லை.

சரி, கடலுக்கு எவ்வளவு தண்ணீர் என்று யாராவது எழுதி வைத்திருக்கிறார்களா? எழுதியிருக்கிறார்கள். 2007 பிப்ரவரி 5 அன்று காவிரி நடுவர் மன்றம் கொடுத்த இறுதித் தீர்ப்பை நீங்கள் என்னைவிட நன்றாகப் படித்திருப்பீர்கள். மொத்தம் 740 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி). தமிழ்நாட்டுக்கு 419, கர்நாடகத்துக்கு 270, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7. மீதி 14. அதில் 10 டி.எம்.சி. சுற்றுச்சூழலுக்கு. 4 டி.எம்.சி., தவிர்க்க முடியாமல் கடலுக்குத் தப்பிப் போகும் நீர் என்ற கணக்கில். இரண்டையும் சேர்த்தாலும் நூற்றுக்கு இரண்டு வராது. கடலின் பங்கு என்ற பேச்சே அந்தக் கணக்கில் கிடையாது. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டின் பங்கை இன்னும் 14.75 டி.எம்.சி. குறைத்தபோது உங்களோடு சேர்ந்து நாங்களும் வருந்தினோம். ஆற்றில் தண்ணீர் குறைந்தால் கடைசியில் நிற்கும் எங்களுக்குத்தான் முதலில் நிற்கும். உங்களில் கடைமடைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உங்கள் கடைமடைக்கும் அப்பால் ஒரு கடைமடை இருக்கிறது, அது நாங்கள்.

“வருடா வருடம் இவ்வளவு வெள்ளம் கொள்ளிடத்தில் போகிறதே, 14 டி.எம்.சி. என்ன, அதைப்போலப் பல மடங்கு கடலுக்குப் போய்விடுகிறதே” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. எங்களுக்கு வேண்டியது அந்த வெள்ளம் மட்டும் இல்லை என்பதுதான் பதில். பத்து நாள் பேய்போல வந்து, அப்புறம் எட்டு மாதம் சொட்டுகூட வராத ஆறு எங்களையும் கொல்கிறது. பெருவெள்ளம் ஒரேயடியாக வந்தால் கழிமுகத்தில் உப்பே இல்லாமல் போய், மட்டியும் சிப்பியும் செத்து ஒதுங்கும். அப்புறம் தண்ணீர் நின்றுபோனால் முகத்துவாரம் அடைத்துக்கொள்ளும். உங்கள் பயிருக்கு எப்படி ஒரேயடியாகக் கொட்டும் மழை உதவாதோ, அப்படித்தான். புரட்டாசி முதல் தை வரைக்கும் ஆறு மெலிதாக, நிற்காமல் கடலைத் தொட்டுக்கொண்டு இருந்தால் போதும்.

பருவநிலை மாற்றம் இந்தச் சிக்கலை இன்னும் இறுக்குகிறது. மழை நாட்கள் குறைந்து, பெய்தால் ஊரை மூழ்கடிக்கும் அளவுக்குப் பெய்வதை நீங்கள் வயலில் பார்க்கிறீர்கள். நாங்கள் அதைக் கடலில் பார்க்கிறோம். மேல் தண்ணீர் சூடாகிவிட்டது. காணாங்கெளுத்தி முன்பைவிட ஆழத்துக்கு இறங்கிவிட்டது என்று மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் பதிவு செய்திருக்கிறார்கள். மலபார் கரையின் மீன் என்றே பேர் வாங்கிய மத்தி, 1980-களுக்குப் பிறகு நம் சோழமண்டலக் கரையிலும் பெருகியது. கடல் சூடாவதே இதற்குக் காரணம் என்கிறார்கள். மத்தி நிறையக் கிடைத்தால் நல்லதுதானே என்று தோன்றும். நல்லதுதான், கிடைக்கிற வருடத்தில். ஆனால் ஒரு தலைமுறை கற்றுவைத்த கடல் கணக்கு அடுத்த தலைமுறைக்கு உதவாமல் போகிறது. எந்தக் காற்றுக்கு எந்த மீன், எந்த மாதத்துக்கு எந்த வலை என்று அப்பா சொல்லிக்கொடுத்தது இப்போது தம்பிக்குப் பாதிதான் பலிக்கிறது. வாடைக்காற்று காலத்தில் ஒன்றன்பின் ஒன்றாகப் புயல் சின்னம். கடலுக்குப் போகாதீர்கள் என்ற எச்சரிக்கை. எச்சரிக்கை சரியானது, உயிர் முக்கியம். ஆனால் வெள்ளை இறால் கடலுக்குத் திரும்பும் அதே வாரங்களில்தான் படகு கரையில் கிடக்கிறது.

இந்த நிலையில் ஆற்றின் தண்ணீரும் வண்டலும் எங்களுக்குக் காப்பீடு மாதிரி. உங்களுக்கும்தான். ஆறு கடலை நோக்கித் தள்ளிக்கொண்டே இருந்தால்தான் கடல் உப்பு ஆற்றுக்குள்ளும் நிலத்தடியிலும் ஏறாமல் நிற்கும். கொள்ளிடத்துக் கரையோர ஊர்களில் கைப்பம்பு தண்ணீர் கரித்துப்போனதை என்னோடு வேலை பார்த்த ஆசிரியைகளே சொல்லியிருக்கிறார்கள். ஆற்று மணல் வந்து சேர்ந்தால்தான் கடற்கரை நிற்கும். மேலே அணையில் வண்டல் தங்கி, இடையில் மணல் அள்ளப்பட்டு, கீழே வெறும் தண்ணீர் மட்டும் வந்தால் கடல் கரையைத் தின்னத் தொடங்கும். தரங்கம்பாடியில் 14-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் எடுத்துக்கொண்டதை நீங்களே பார்த்திருப்பீர்கள். ஒரு ஊரில் தூண்டில் வளைவு என்று கடலுக்குள் கல் சுவர் போட்டால் வடக்கே அடுத்த ஊரில் கரை அரிக்கிறது. கல்லைக் கொட்டிக் கொட்டி எவ்வளவு தூரம் போக முடியும்?

இப்போது கதவணைகளுக்கு வருகிறேன். இதுதான் இந்தக் கடிதத்தை உடனே எழுத வைத்தது.

கடல் உப்பு உங்கள் வயலுக்குள் ஏறாமல் தடுக்க, ஆறுகளின் கடைசியில் ஷட்டர் வைத்த கதவணைகள் கட்டப்படுகின்றன, பழையவை புதுப்பிக்கப்படுகின்றன. வெண்ணாறு பகுதியில் பருவநிலை மாற்றத்துக்குத் தகவமைப்பு என்ற பெயரிலேயே ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனோடு பெரிய வேலை நடந்தது. உங்களுக்கு அவை தேவை. ஆனால் ஒவ்வொரு கடைமடை ஷட்டரும் மூடும்போது, அதற்குக் கீழே வந்து நிற்கும் மடவைக் குஞ்சுக்கும் கொடுவாக் குஞ்சுக்கும் கதவு மூடுகிறது. அணைக்கரையில் நடந்தது இப்போது ஒவ்வொரு சின்ன ஆற்றிலும் நடக்கிறது. காவிரிக்கே மேலையூர் கதவணைக்குக் கீழே மிஞ்சுவது என்ன என்று போய்ப் பாருங்கள். புகார் என்ற பெயருக்கே ஆறு கடலில் புகும் இடம் என்றுதான் பொருள் சொல்வார்கள். ஆடி அமாவாசைக்கு அங்கே முழுக்குப் போட வருகிறவர்கள் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு வருகிறார்கள்.

முத்துப்பேட்டைக்கும் இதே கதை. பாமணியாறு, கோரையாறு, கிளைதாங்கியாறு, மரக்காகோரையாறு, கந்தபரிச்சான் ஆறு ஆகியவை வந்து சேரும் காயல் அது. மழைக்காலத்து மூன்று மாதம் போக மற்ற நாட்களில் அங்கே நல்ல தண்ணீர் வருவது மிகக் குறைவு. கோடையில் தண்ணீர் கடலைவிடக் கரிக்கும். உப்பைத் தாங்கும் வெண்கண்டல்தான் அந்தக் காட்டில் பெரும்பாலும் நிற்கிறது. கஜா அடித்து முறித்த காட்டில் கன்று நடுகிறார்கள், நல்ல வேலை. ஆனால் கன்றுக்கும் நல்ல தண்ணீர் வேண்டும். கஜாவின் வேகத்தை முதலில் வாங்கிக்கொண்டது அந்தக் காடு. அதற்குப் பின்னால் இருந்தது உங்கள் தென்னந்தோப்பு.

இறால் பண்ணை பற்றிப் பேசாமல் விட முடியாது. 1990-களில் நாகை மாவட்டத்தில் கடலோர வயல்களை வாங்கி இறால் குட்டை வெட்டியபோது அதை எதிர்த்து நின்றவர்கள் காந்தியவாதி ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாள் அம்மாவும், அவர்களோடு நிலமில்லாத கூலிப் பெண்களும் மீனவர்களும். 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம், கடலோர ஒழுங்காற்று மண்டலத்துக்குள் இருந்த பண்ணைகளை அகற்றச் சொன்னது. அந்தத் தீர்ப்பு வந்த நாள் எங்கள் ஊரில் இனிப்பு கொடுத்தார்கள். அதற்குப் பிறகு 2005-ல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்தது, பண்ணைகள் உரிமத்தோடு திரும்பி வந்தன. 2009-க்குப் பிறகு வன்னாமி என்ற வெளிநாட்டு இறால் வந்து இன்னும் பெருகின. உங்களில் சிலர் நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருக்கிறீர்கள். விவசாயத்தில் நட்டம் வந்தவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் குட்டைக் கழிவு போகும் வாய்க்கால் எங்கள் கழிமுகத்தில்தான் விழுகிறது. குட்டைக்குப் பக்கத்து வயலும் சில வருடத்தில் உப்புப் பூக்கிறது. கழிவைத் தேக்கி, தெளியவைத்து விட வேண்டும் என்ற விதியையாவது உங்கள் ஊர் எல்லைக்குள் நீங்கள் கேட்டு வாங்க வேண்டும். நாங்கள் கேட்டால் பொறாமையில் பேசுவதாக நினைக்கிறார்கள்.

எங்கள் பக்கத்துத் தப்பையும் ஒளிக்க மாட்டேன். மீன் கூட்டத்தையே சுற்றி வளைத்து அள்ளும் சுருக்குமடி வலைக்கு இந்த மாநிலத்தில் 2000-லிருந்து தடை இருந்தும் அது ஓயவில்லை. உச்ச நீதிமன்றம் 2023-ல் 12 கடல் மைலுக்கு அப்பால், வாரம் இரண்டு நாள் என்று கட்டுப்பாட்டோடு அனுமதித்த பிறகும் எங்கள் ஊர்களுக்குள் சண்டை தீரவில்லை. அண்ணன் தம்பி முகம் பார்க்காத வீடுகள் இருக்கின்றன. முகத்துவாரத்திலேயே கொசுவலை மாதிரி வலையைக் கட்டி, விரல் நுனி அளவு இறாலை வழித்து எடுப்பவர்களும் எங்களில் உண்டு. இழுவைமடி கரையோரம் வந்து அடிமண்ணைக் கிளறுவதும் உண்மை. இதையெல்லாம் எங்கள் ஊர்ப் பஞ்சாயத்துகளில் நாங்கள் பேசிக்கொண்டிருக்கிறோம், பேசத்தான் வேண்டும். ஆற்றுத் தண்ணீர் மட்டும் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வலையை ஒழுங்குபடுத்தினால் மிஞ்சும் குஞ்சுகூட வளர ஒரு இடம் வேண்டும். அந்த இடம் ஆறுதான் உண்டாக்கிக் கொடுக்கும்.

உங்களிடம் நான் கேட்பதற்கு வருகிறேன். அரசு உங்கள் பேச்சைக் கேட்கிறது. 2020-ல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் வந்ததே, அது எண்ணெய், எரிவாயு எடுப்பதை எதிர்த்து நீங்கள் வருடக்கணக்கில் தெருவில் நின்றதால் வந்தது. அந்த நாள் நாங்களும் மகிழ்ந்தோம். எண்ணெய்க் குழாய் எங்கள் கடற்கரைக்கும் வருகிறது. 2023 மார்ச்சில் நாகூர் பட்டினச்சேரியில் குழாய் கசிந்து கடலில் எண்ணெய் படர்ந்ததை நீங்கள் செய்தியில் பார்த்திருப்பீர்கள். உங்கள் குரலுக்கு இருக்கும் அந்தப் பலத்தில் கொஞ்சம் எங்களுக்கும் கொடுங்கள் என்பதுதான் வேண்டுதல்.

முதலில் அந்தச் சொல். மேடையிலும் மனுவிலும் ‘வீணாகக் கடலில்’ என்பதை விட்டுவிடுங்கள். ‘கடைமடைக்கு வராமல் போகிறது’ என்று சொல்லுங்கள். உங்கள் குறை அப்படியே இருக்கும், எங்கள் வீடு மட்டும் குப்பைத்தொட்டி ஆகாது.

அப்புறம் அந்த 14 டி.எம்.சி. காகிதத்தில் இருக்கும் அந்தத் தண்ணீர் எந்த மாதம், எந்த ஆற்றின் வழியாக, எவ்வளவு கடலுக்குப் போய்ச் சேர்ந்தது என்று நீர்வளத் துறை வருடா வருடம் வெளியிட வேண்டும் என நீங்களும் நாங்களும் சேர்ந்து கேட்போம். வெள்ளத்தில் போனதை அதில் சேர்க்கக் கூடாது. கொள்ளிடம், காவிரி, அரசலாறு, வெட்டாறு, கடுவையாறு, வெள்ளையாறு, முத்துப்பேட்டைக்குப் போகும் ஆறுகள் என்று தனித்தனியாகச் சொல்ல வேண்டும்.

மூன்றாவது கதவணை. புதிதாக ஒன்று கட்டும்போது வரைபடத்திலேயே மீன் ஏறும் வழி இருக்க வேண்டும். அணைக்கரையில் தோற்றதுபோல் மறுபடி தோற்காமல், எந்தக் குஞ்சு எப்படி ஏறும் என்று பார்த்து அமைக்க நாகப்பட்டினத்திலேயே மீன்வளப் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஏற்கெனவே இருக்கும் கதவணைகளில், தண்ணீர் இருக்கும் மாதங்களில், கடல் வற்றும் நேரம் பார்த்து ஒரு ஷட்டரை அரை அடி தூக்கி வைத்தால் உப்பு மேலே ஏறாது. நல்ல தண்ணீரின் வாடை கீழே போகும், குஞ்சு அதைப் பிடித்துக்கொண்டு எதிர்த்து ஏறும். வற்றம் எப்போது, ஏற்றம் எப்போது என்று சொல்ல எங்கள் ஊரில் பத்து வயதுப் பையன் போதும். ஷட்டரைத் தூக்குகிற லஸ்கருக்கு அந்த உத்தரவு மேலிருந்து வர வேண்டும், அவ்வளவுதான். உங்கள் வயலில் உப்பு ஏறுகிறதா என்று நீங்களே அளந்து பாருங்கள். ஏறினால் உடனே மூடச் சொல்லுங்கள், நாங்கள் சண்டைக்கு வர மாட்டோம்.

இதையெல்லாம் கடிதத்தில் பேசித் தீர்க்க முடியாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் எங்களுக்கு மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையில் நிற்கும், ஆட்கள் வலை பின்னிக்கொண்டு இருப்பார்கள். ஜூன் 12 மேட்டூர் திறக்கும் நாள். அதற்கு முந்தைய வாரங்களில் உங்கள் கடைமடையும் காய்ந்துதான் கிடக்கும். வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊருக்கு வாருங்கள். சங்கத்துக்கு இரண்டு பேர் வந்தால் போதும். காலையில் வெயில் ஏறுவதற்குள் தம்பி படகில் முகத்துவாரத்தைச் சுற்றிக் காட்டுவான். அடைத்துக் கிடக்கும் இடத்தில் இறங்கி நடக்கலாம், தண்ணீர் முழங்காலுக்குத்தான் இருக்கும். அங்கே தண்ணீரை ஒரு கை அள்ளி வாயில் வைத்துப் பாருங்கள். மதியச் சாப்பாடு எங்கள் வீட்டில். அரிசி மட்டும் நீங்கள் கொண்டு வாருங்கள், அம்மா இருந்திருந்தால் அப்படித்தான் கேட்டிருப்பார்.

இப்படிக்கு,
கொள்ளிடக் கரையின் கடைசி ஊரிலிருந்து,
கூடைக்காரி மகள், ஓய்வுபெற்ற ஆசிரியை